நானூற்றைம்பது பவுன் முழங்கால்

லார் குயின்லனின் இடது கால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றில் மூவாயிரத்து ஐந்நூறு பவுனுக்குப் போனது. வலது கால், தலை, இரண்டு கை, ஒரு மனைவி எல்லாம் கொசுறு.

விற்றவர்கள் நாங்கள், அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்டு நகரத்துக் கால்பந்துக் கிளப். வாங்கியது இங்கிலாந்தில், லங்காஷயரின் பஞ்சாலைப் புகைக்குள் கிடக்கும் பிராக்கன்ஷா டவுன் என்கிற கிளப். அந்தப் பணத்தில் லாருக்கு எவ்வளவு என்று கேட்பீர்கள். கையெழுத்துக்குப் பத்து பவுன். விதி அதற்கு மேல் ஒரு காசு அனுமதிக்கவில்லை. எங்கள் ஊர்ப் பாலிபிரிக்கன் சந்தையில் விலைபோகிற பன்றிக்கு அந்தப் பத்தும் கிடையாது என்பதால் லார் கையெழுத்துப் போட்டான்.

நான் மார்ட்டி ஃபானிங். பாலிபிரிக்கன் மேட்டில் மூன்று தலைமுறையாகப் பன்றி வாங்கி, அதை உப்பிட்ட இறைச்சியாக்கும் பேக்கன் ஆலைகளுக்கு அனுப்புகிற குடும்பம். எங்கள் வீட்டில் எந்தப் பொருளையும் நல்லது என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அம்மா வைத்த சூப்பைக்கூட அப்பா, "நேத்திக்கு இதைவிட மோசம்" என்று சொல்லித்தான் சாப்பிடுவார். பாராட்டினால் விலை ஏறிவிடும் என்ற பயம். அப்பாவுக்குக் காது மந்தமான பிறகு கிளப் கமிட்டியில் அவர் நாற்காலி எனக்கு வந்தது.

லார் எங்கள் தெரு, என் வயது. அவனால் ஓரிடத்தில் நிற்க முடியாது. பூசையில் மண்டியிட்டிருக்கும்போதுகூட ஒரு பாதம் ஆடிக்கொண்டே இருக்கும். பாதிரியார் ஒருநாள் பீடத்திலிருந்தே, "குயின்லன், பந்து இங்க இல்ல" என்றார். மைதானத்தின் இடது ஓரத்தில் அவனை நிறுத்தினால் பத்தாவது நிமிஷம் வலது ஓரத்தில் இருப்பான். கத்தினால் திரும்பி வருவான், வருகிற வழியில் ஒரு கோல் போட்டுவிட்டு.

இவ்வளவு ஓட்டத்துக்கும் அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. டப்ளினில், டேலிமவுண்ட் மைதானத்தில், பச்சைச் சட்டை போட்டு அயர்லாந்துக்காக ஒரு தடவை இறங்க வேண்டும். ஒரு தடவை போதும். அதற்குத்தான் இங்கிலாந்தே போனான். அங்கே ஆடுகிறவனைத்தான் டப்ளின் தேர்வுக் குழு திரும்பிப் பார்க்கும்.

பார்க்கவும் செய்தார்கள். ஐம்பத்துமூன்றில் பிராக்கன்ஷாவுக்குத் தந்தி வந்தது, குயின்லனை அனுப்புங்கள் என்று. அது ஞாயிற்றுக்கிழமை மேட்ச். பிராக்கன்ஷாவின் மேனேஜர் ஆக்ராய்ட் என்பவர் தந்தியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அந்த கிறிஸ்துமஸுக்கு லார் ஊருக்கு வந்தபோது பப்பில் உட்காராமல், பில்லியர்ட்ஸ் மேஜையைச் சுற்றி நடந்துகொண்டே சொன்னான்.

"போகக் கூடாதுன்னுட்டான்டா மார்ட்டி. 'ஞாயித்துக்கிழமை அங்க ஆடிட்டு, ராத்திரி பூரா கப்பல்ல வாந்தி எடுத்துக்கிட்டு வருவ, செவ்வாக்கிழமை எனக்கு மேட்ச் இருக்கு, அந்தக் காலுக்கு நான் காசு குடுத்திருக்கேன்'கிறான்."

"நீ என்ன சொன்ன?"

"கால் இங்கயே இருக்கட்டும் சார், மத்ததெல்லாம் போயிட்டு வந்துடுதுன்னேன்."

"அப்புறம்?"

"ரெண்டு வாரம் ரிசர்வ் அணி."

அடுத்த வருஷமும் தந்தி வந்தது. அதுவும் ஆக்ராய்டின் பைக்குள் போனது. லார், என்னை வேறு கிளப்புக்கு விற்றுவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தான். ஆக்ராய்ட் மூவாயிரம் என்று விலை போட்டு, அவனை நிரந்தரமாக ரிசர்வுக்கு, அதாவது இரண்டாம் அணிக்கு, அனுப்பினார். ரிசர்வில் ஆடுகிறவனுக்கு மூவாயிரம் கொடுக்க யாருக்குப் பைத்தியம்? ஒப்பந்தம் வருஷத்தோடு முடிந்துவிடுமே என்பீர்கள். முடியும். ஆனால் அந்தக் காலத்து விதிப்படி, இவனை நாங்கள் வைத்துக்கொள்கிறோம் என்று கிளப் ஒரு வரி எழுதிவிட்டால் போதும், ஒப்பந்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவன் வேறெங்கும் பந்தைத் தொட முடியாது. பட்டியில் அடைத்து, தீனியைக் குறைத்து, விலையை மட்டும் குறைக்காமல் வைத்திருப்பது. எங்கள் சந்தையில் இப்படிச் செய்கிறவனை மற்ற வியாபாரிகளே தூக்கிக் குழாயடியில் போடுவார்கள்.

ஐம்பத்தைந்து வசந்தத்தில் பேக்கன் விற்பனை விஷயமாக நான் மான்செஸ்டர் போனேன். கையோடு வாட்டர்ஃபோர்டு பிளா ரொட்டி ஒரு டஜனும் சாசேஜும் எடுத்துக்கொண்டு பிராக்கன்ஷாவில் லார் வீட்டுக் கதவைத் தட்டினேன். நாலு வருஷத்தில் அவர்களுக்கு அது மூன்றாவது வீடு. திறந்தவள் லாரின் மனைவி ஸ்டேஷா. ரொட்டியைக் கிள்ளிப் பார்த்தாள்.

"இத வச்சு ஜன்னல் கண்ணாடி உடைக்கலாம் போலிருக்கே, மார்ட்டி."

"கடல் காத்து பட்டுடுச்சு. வேணும்னா விலையில குறைச்சுக்கோ."

லார் சமையலறையில் அடுப்புக்கும் கதவுக்கும் நடந்துகொண்டிருந்தான். இளைத்திருந்தான். "வயசு இருபத்தாறு ஆச்சுடா. இன்னும் ரெண்டு வருஷம் இங்க கிடந்தேன்னா டப்ளின்காரன் என் பேரையே மறந்துடுவான். ரெண்டு தடவை கூப்பிட்டவங்க, இனிமே நான் எங்க ஆடினாலும் பாப்பாங்க. நம்ம ஊருக்கு வந்து ஆடினா எந்த ஆக்ராய்டும் தடுக்க முடியாது. உங்க கமிட்டி எவ்வளவு குடுக்கும்?"

"நானூத்தம்பது. கிளம்பறதுக்கு முன்னாடியே கேட்டுப் பாத்தேன், அதுக்கே ரெண்டு பேர் மயக்கம் போட்டாங்க."

"அப்ப என்னை நானூத்தம்பதுக்குக் கொண்டு வா."

"மூவாயிரத்த நானூத்தம்பது ஆக்கணுமா?"

"உங்க பரம்பரைத் தொழிலே அதானடா. நல்ல பன்னிய நொண்டின்னு சொல்லித்தானே வாங்குறீங்க? என்னையும் சொல்லு. நான் நொண்டிக் காட்டறேன்."

ஸ்டேஷா வாணலியில் சாசேஜைப் புரட்டிக்கொண்டே சொன்னாள்: "பன்னிக்கு நீங்க பேசறது புரியாது. இவனுக்குப் புரியும். அத மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க ரெண்டு பேரும்."

நாங்கள் அதைக் காதில் வாங்கவில்லை. எங்கள் ஊர் வழக்கம் எங்களுக்குத் தெரியும். பாலிபிரிக்கனில் பேரம் பேசும்போது பன்றி நொண்டி, குருடு, இருமல்காரன், போன வாரமே செத்திருக்க வேண்டியது. கையில் துப்பிக் கையோடு கை அறைந்து விலை முடிந்த அடுத்த நொடி அதே வாய், இந்த மாகாணத்திலேயே இதுபோல் பன்றி இல்லை என்று சொல்லும். யாரும் அதைப் பொய் என்று சொல்வதில்லை. பேரத்துக்கு முன்னால் சொன்ன சொல் பேரத்தோடு செத்துப்போகும். உலகம் முழுக்க அப்படித்தான் என்று நினைத்துவிட்டோம்.

வேலையைத் தொடங்கினோம். லார் ரிசர்வ் மேட்சில் சுலபமான பந்துகளை விட்டான். மழை பெய்த நாளில் இடது முழங்காலைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினான். நான் மைதானத்துக்கு எதிரே இருந்த பப்பில், கிளப் டைரக்டர்கள் குடிக்கிற மேஜைக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டேன்.

"நீங்க குயின்லனுக்கு ஊர்க்காரரா?" என்று ஒருவர் கேட்டார்.

"பாவம், அவங்க குடும்பத்துக்கே அந்த முழங்கால்தான். அவங்க அப்பாவுக்கு இருபத்தேழு வயசுல போச்சு. சித்தப்பாவுக்கு இருபத்தஞ்சு. இவன் இவ்வளவு நாள் தாங்கினதே பெருசு."

லாரின் அப்பா எழுபது வயதில் அப்போதும் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். அவருக்குத் தம்பியே கிடையாது.

இரண்டு வாரத்தில் பிராக்கன்ஷா முழுக்க அந்த முழங்கால் பேச்சு. மான்செஸ்டர் மாலைப் பத்திரிகையில் மூன்று வரி வந்தது. லார் அதைக் கத்தரித்து நான் தங்கியிருந்த மான்செஸ்டர் விடுதிக்கு அனுப்பியிருந்தான், ஓரத்தில் "நடிப்பு எப்படி?" என்று எழுதி. அன்று மாலை சந்தித்தபோது விழுந்து விழுந்து சிரித்தோம்.

மூன்றாவது வாரம் ஆக்ராய்டின் அறைக்குப் போனேன்.

"மூவாயிரம்" என்றார் ஆக்ராய்ட், புகைக்குழாயைப் பற்றவைத்துக்கொண்டே.

"மிஸ்டர் ஆக்ராய்ட், நான் உங்க மொத்த அணியையும் கேக்கலையே. ஒருத்தனைத்தான் கேக்குறேன். அதுவும் முக்கால்வாசி."

"அவன் கால்ல ஒண்ணும் இல்ல. சோம்பேறி, அவ்வளவுதான்."

"சோம்பேறியா? சரி, சோம்பேறிக்கு மூவாயிரம்னா, சுறுசுறுப்பா ஓடறவன் எவ்வளவு? நான் நூறு தர்றேன். அதுவும் அவங்க அம்மா அழறதப் பாக்க முடியாம."

"கதவு அங்க இருக்கு, ஃபானிங்."

எழுந்து போனேன். எங்கள் சந்தையில் பேரம் முறிந்து நடக்கிறவனை இழுத்து வரவென்றே ஒரு மூன்றாம் ஆள் இருப்பான். இரண்டு பேர் கையையும் பிடித்து, "ஆளுக்குப் பாதி விட்டுக் குடுங்கப்பா" என்று சேர்த்துவைப்பான். ஆக்ராய்டின் அறையில் அப்படி ஒருவன் இல்லை. ஆகவே கையுறையை மேஜையில் விட்டுவிட்டுப் போனேன். எடுக்கத் திரும்பி வந்தபோது அவர் இரண்டாயிரம் என்றார். அடுத்த தடவை குடையை விட்டுவிட்டுப் போனேன். ஆயிரம்.

அப்புறம் அவர் லாரையே கூப்பிட்டனுப்பினார். "குயின்லன், முழங்கால மடக்கு."

லார் மடக்கினான். கதவுக் கீல்போல ஒரு சத்தம் தொண்டையிலிருந்து வந்தது. நெற்றியில் வியர்வைகூட எப்படி வரவழைத்தானோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.

"பாத்தீங்களா?" என்றேன். "இதுக்கு நூறே ஜாஸ்தி."

"பல்லையும் காட்டவா சார்?" என்றான் லார்.

ஆக்ராய்ட் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நொண்டிக்கு வாராவாரம் சம்பளம் கொடுக்கிற எரிச்சல் அவர் முகத்தில் ஏறியது. "ஐந்நூறு. எடுத்துக்கிட்டுப் போய்த் தொலை."

"நானூத்தம்பது. குடையை நீங்களே வச்சுக்கோங்க."

முடிந்தது. ஊருக்குக் கிளம்பிய அன்று தெருமுனை திரும்பும் வரை லார் நொண்டினான். திரும்பியதும் ஓடினான் பாருங்கள், ரயில் நிலையம் வரை, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு. ஸ்டேஷாவும் நானும் பின்னால் டாக்சியில் போனோம். அவன் எங்களுக்கு முன்னால் பிளாட்பாரத்தில் நின்று குதித்துக்கொண்டிருந்தான்.

அந்தப் பருவம் எங்கள் ஊரில் அவன் ஆடியதை இன்னும் பேசுகிறார்கள். எதிரணியின் தடுப்பாட்டக்காரர்கள் அவன் போன பிறகுதான் அவன் வந்ததையே கவனித்தார்கள். ஆனால் டப்ளினிலிருந்து அயர்லாந்து அணிப் பட்டியல் வந்தது, அவன் பெயர் இல்லை. அடுத்த பட்டியல், அதிலும் இல்லை. மூன்றாவது பட்டியல் வந்த அன்று லார் பத்திரிகையை ஸ்டேஷாவிடம் கொடுத்துவிட்டுக் குவே தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மழையில் நடந்தான்.

ஸ்டேஷா என் கடைக்கு வந்தாள். "உங்க ரெண்டு பேரு பொய்யும் உங்களுக்கு முன்னாடியே கப்பல் ஏறி டப்ளின் போயிடுச்சு, மார்ட்டி. அவன் முழங்கால் போச்சுன்னு அங்க எல்லாருக்கும் தெரியுமாம். நீ போய்ச் சொல்லு."

போனேன். தேர்வுக் குழுவில் பெரிய கை மிஸ்டர் டூலி. டப்ளினில் நிலக்கரி வியாபாரம். அவரும் தராசுக்காரர், பேசிவிடலாம் என்று நம்பிக்கையோடுதான் போனேன்.

"முழங்காலுக்கு ஒண்ணுமே இல்ல, மிஸ்டர் டூலி. அது விலை குறைக்கறதுக்காக நாங்க கட்டின கதை."

"அப்படியா? என்ன விலைக்கு வாங்கினீங்க?"

"நானூத்தம்பது."

"முதல்ல என்ன சொன்னான்?"

"மூவாயிரம்."

டூலி கரி படிந்த விரலால் காதைக் குடைந்தார். "மூவாயிரத்துச் சரக்கை நானூத்தம்பதுக்குத் தர்றதுக்கு அந்த இங்கிலீஷ்காரனுக்கு என்ன தலையெழுத்து? ஃபானிங், நான் நாப்பது வருஷமா வியாபாரம் பண்றேன். இங்கிலீஷ்காரனை ஏமாத்தினேன்னு சொல்ற ஐரிஷ்காரன் நூறு பேரைப் பாத்திருக்கேன். நிஜமா ஏமாத்தின ஒருத்தனைப் பாத்ததில்ல. அதனால முழங்கால் நிஜம்."

"ஒரு தடவை வந்து அவன் ஆட்டத்தப் பாருங்க."

"விலை சொல்லுதே, ஆட்டம் வேற எதுக்கு?"

 எங்கள் குடும்பத்தில் வாங்கிய பன்றியை உயர்த்திப் பேசி இன்னொருவருக்கு விற்று யாருக்கும் பழக்கமில்லை. அது மூன்றாம் நாள் பேக்கன் ஆகிவிடும். தாழ்த்திப் பேசிய வாயால் உயர்த்திப் பேசினால் வார்த்தைக்கு எடை வரவில்லை. ஆனாலும் விடவில்லை. வாசலில் தொப்பியை விட்டேன், திரும்பப் போனேன். கைத்தடியை விட்டேன், திரும்பப் போனேன். கடைசியில் டூலி, "உன் சாமானைப் பொறுக்கிக்கிட்டுப் போறதா இருந்தா வர்றேன்யா" என்றார்.

வந்தார். ஐம்பத்தாறு அக்டோபர். லார் அன்று இரண்டு கோல் போட்டு, மூன்றைப் பிறருக்குக் கொடுத்தான். டூலி கடைசி வரை அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது, "ஒரு நாள் நல்லாத்தான் இருக்கும். ஊசி போட்டிருப்பீங்க" என்றார். பிறகு என்ன தோன்றியதோ, அடுத்த சர்வதேச மேட்சுக்கு அவனைப் பன்னிரண்டாவது ஆளாகப் போட்டார்.

மாற்று ஆட்டக்காரன் என்றால் இப்போதுபோல் நடுவில் இறங்குகிறவன் இல்லை. மேட்ச் தொடங்குவதற்கு முன்னால் யாராவது படுத்துவிட்டால் உண்டு. விசில் அடித்துவிட்டால் கோட்டு போட்டுக்கொண்டு கேலரியில் உட்கார வேண்டியதுதான். டேலிமவுண்டின் உடைமாற்றும் அறையில் லார் இடது ஓர ஆட்டக்காரனையே பார்த்துக்கொண்டிருந்தானாம். அவன் தும்மினால் இவன் ஷூ லேஸைக் கட்டினான். மூன்று மணிக்கு அந்தப் பையன் ஆரோக்கியமாக மைதானத்துக்குள் ஓடினான். லார் பச்சைச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

உட்கார்ந்தான் என்று எழுதுகிறேன், அவ்வளவுதான். இரண்டு காலும் ஓடிக்கொண்டிருந்தன. எங்கள் இடது ஓரக்காரனுக்குப் பந்து போகும்போதெல்லாம் லாரின் பாதம் முன் நாற்காலியை உதைத்தது.

முன்னால் இருந்த பெரியவர் திரும்பினார். "தம்பி, என் முதுகுல இன்னும் எத்தனை கோல் போடறதா உத்தேசம்?"

"மன்னிச்சுக்கோங்க."

"அங்க போய்ப் போடேன்யா. அங்க இருக்கிறவனுக்கு வரல."

லார் பல்லைக் கடித்துக்கொண்டான். இடைவேளைக்குப் பிறகு, மைதானத்தைப் பார்த்தபடியே பேசினான்.

"ஆக்ராய்ட் முதல்ல கேட்டது மூவாயிரம். நாம முடிச்சது நானூத்தம்பது. இல்லடா?"

"உனக்குத் தெரியாததா?"

"நடுவுல ரெண்டாயிரத்து ஐந்நூத்தம்பது. அத நாம ஜெயிச்சோம்னு நெனச்சோம்ல?"

"ஜெயிக்கலையா பின்ன?"

"யாரோ குடுத்திருக்கணுமே மார்ட்டி, அந்தப் பணத்த. ஆக்ராய்டுக்கு எனக்குக் குடுக்கற சம்பளம் மிச்சம், அவன் குடுக்கல. உங்க கமிட்டி குடுக்கல. நீ குடுக்கல." உள்ளங்கையால் இடது முழங்காலை ஒரு தட்டு தட்டினான், சொன்ன பேச்சைக் கேட்காத நாயைத் தட்டுவதுபோல. "இதுதான் குடுத்திருக்கு."

"நீதானடா என்னை மலிவாக்குன்னு சொன்ன."

"நான்தான் சொன்னேன். உன்னக் குத்தம் சொல்லலடா. நீ நல்லாத்தான் வேலை பாத்த. ரொம்ப நல்லாப் பாத்துட்ட."

ஆட்டம் முடிய கால் மணி இருந்தபோது எழுந்து போனான். கழிப்பறைக்கு என்று நினைத்தேன். ரயில் நிலையத்துக்கு நடந்திருக்கிறான்.

அடுத்த வசந்தம் வரை எங்களுக்கு ஆடினான். கோல்களுக்குக் குறைவில்லை. பருவம் முடிந்த மறுநாள் காலை, பாலிபிரிக்கனில் நான் ஒரு பன்றியின் காதைப் பிடித்துக்கொண்டு அது காசநோய்க்காரன் என்று விவசாயியிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது வந்தான்.

"எனக்கு விடுதலை எழுதிக் குடு, மார்ட்டி. விலை போடாம. டொரோன்டோவுல ஒரு கிளப் கூப்பிடுது."

"அங்க என்னடா இருக்கு? பனி."

"அங்க எனக்கு விலையே தெரியாது எவனுக்கும். இங்க எல்லாரும் முழங்காலப் பாத்துட்டு அப்புறம்தான் மூஞ்சியப் பாக்குறாங்க. கொஞ்ச நாளா நானே காலைல எழுந்ததும் அத மடக்கிப் பாக்குறேன்டா. வலிக்குதோன்னு."

கமிட்டியில் அன்று மாலை கூச்சல். நானூற்றைம்பது போட்டு வாங்கியவனைச் சும்மா அனுப்புவதா? நானே காசோலை எழுதினேன். அப்பா என்னோடு பேசுவதை நிறுத்தினார். காது கேளாதவர் பேச்சை நிறுத்தியது வீட்டில் யாருக்கும் உடனே தெரியவில்லை.

கோவ் துறைமுகத்தில் வழியனுப்பப் போனேன். லார் கப்பலின் மேல்தளத்தில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துகொண்டிருந்தான். ஸ்டேஷா கைப்பிடிக் கம்பியருகே நின்றாள்.

"பெட்டிய நான் பிரிக்கவே இல்ல மார்ட்டி, இந்த ரெண்டு வருஷமும். என் நல்ல கவுன் அதுக்குள்ளயே கிழவியாயிட்டிருக்கு."

"அங்கயாவது பிரி."

"முதல்ல அவன் உக்காரட்டும்."

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பிராக்கன்ஷா கொடுத்தது மூவாயிரத்து ஐந்நூறு, திரும்ப வந்தது நானூற்றைம்பது. நாலு வருஷம் ஒரு மனிதனை வைத்துக்கொண்ட வாடகை மூவாயிரத்து ஐம்பது. எங்கள் கிளப்புக்கு வரவு மூவாயிரத்து ஐந்நூறு. அவனைத் திரும்ப வாங்கிய செலவை நான் கட்டிவிட்டதால் செலவு இல்லை. இரண்டு பருவ ஆட்டம் லாபம். எனக்குச் செலவு நானூற்றைம்பதும் ஒரு குடையும். வரவு, டொரோன்டோவிலிருந்து கிறிஸ்துமஸ் அட்டை, ஒவ்வொரு வருஷமும் வேறு விலாசத்தில். லாருக்கு வரவு, கையெழுத்துப் பணம் இரண்டு தடவை பத்து, ஆக இருபது பவுன். டேலிமவுண்டில் பன்னிரண்டாவது ஆளுக்கான படி ஐந்து. அயர்லாந்துக்காக ஆடிய நிமிஷம், இல்லை. மீதி, மூவாயிரத்துக்கும் நானூற்றைம்பதுக்கும் நடுவில் நின்ற இரண்டாயிரத்து ஐந்நூற்றைம்பது. கொடுத்தவன் பெயர் லார் குயின்லன். வாங்கியவன் பெயர் எழுதும் இடம் காலியாக இருக்கிறது. பாக்கி.